பெட்டியின் முதுகைப் படித்தவள்

எந்தச் சாமானையும் அவள் முகத்தைப் பார்த்து வாங்கியதில்லை. கையில் எடுத்ததும் திருப்பி முதுகைத்தான் பார்ப்பாள். பிஸ்கட் பாக்கெட், குடை, கம்பியூட்டருக்கு வைக்கிற மதர்போர்ட், எல்லாம் ஒன்றுதான். மதர்போர்ட் பெட்டியின் முன்பக்கத்தில் நெருப்புக் கக்குகிற மிருகம் ஏதாவது பளபளத்துக்கொண்டிருக்கும். அது அவள் கண்ணில் படவே படாது. பின்பக்கத்து மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் பொடி எழுத்துகளை ஆள்காட்டி விரலால் தடவித் தடவிப் படிப்பாள். படித்து முடித்ததும் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்.

"இது எவ்வளவு தாங்கும்?"

தலவாக்கலை கடைவீதியில் பதினைந்து வருடமாக எந்தக் கேள்வியும் கேட்காமல் கம்பியூட்டர் கடை நடத்திக்கொண்டிருந்தவன் நான். போட்டோக்கொப்பி, அடையாள அட்டைக்குப் படம், போன் ரீலோட், நடுவிலே கம்பியூட்டர் திருத்தம். என் வைத்தியசாலையில் ஒரே ஒரு மருந்துதான்: பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பர். இந்த மலையின் ஈரத்துக்கும் பனிக்கும் கம்பியூட்டரின் ரேம் குச்சிகளில் பாசி மாதிரி ஏதோ படியும். மெஷின் 'பீப் பீப்' என்று அழும். நான் ரேமைக் கழற்றி, பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஃபூ என்று ஊதித் திரும்பச் செருகுவேன். மெஷின் எழுந்து உட்காரும். பார்ப்பவர்கள் என் கையைக் கும்பிடாத குறை. "அழிரப்பர் அண்ணே" என்றால் லிந்துலை வரைக்கும் தெரியும்.

அப்படி நிம்மதியாக இருந்த காலத்தில்தான் எதிர்ச்சாரியில், தையற்கடைக்கு மேலே இருந்த அறையில் அவள் கடை போட்டாள். பெயர்ப்பலகைகூட பெரிதாக இல்லை. லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். என்னைவிடப் பதினாறு பதினேழு வயது இளையவள். முதல் நாளே சாலையைக் கடந்து வந்து, "வணக்கம்ண்ணே, மேல ரூம் எடுத்திருக்கேன், ஏதாச்சும்னா சொல்லுங்க" என்றாள். "வாழ்த்துகள் தங்கச்சி" என்றேன். என் வாய் அப்படித்தான், எனக்குத் தெரியாமலே நல்லது பேசிவிடும்.

அவளைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுதத்தான் மரியாதை. என்ன செய்ய, பொறாமைக்கு அந்த மரியாதை இன்னும் பழகவில்லை.

என் கவுண்டரிலிருந்து பார்த்தால் அவளுடைய மாடிப்படியின் கடைசி நான்கு படிகள்தான் தெரியும். மிச்சத்தைத் தையற்காரர் தொங்கவிட்டிருந்த பாடசாலைச் சீருடைகள் மறைத்துவிடும். ஆகவே மேலே ஏறுகிறவர்களின் கால்களை மட்டும்தான் பார்க்கலாம். ஒரு மாதத்தில் இந்த ஊரின் செருப்புகளில் நான் பெரிய பண்டிதனாகிவிட்டேன். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு என்றால் தபால்கந்தோர்க்காரர். சிவப்புக் கோடு போட்ட சப்பாத்து என்றால் பூண்டுலோயா மாஸ்டர். ஒவ்வொரு ஜோடியும் ஏறுகையில் கணக்குக் கொப்பியில் ஒரு கோடு போடுவேன்.

"என்னங்க, ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, யாராச்சும் வர்றாங்களா?" என்பாள் என் மனைவி.

"மழை வருமான்னு பாக்குறேன்."

"மழை மேல இருந்துதானுங்களே வரும். நீங்க படிக்கட்டைப் பாக்குறீங்க."

பூண்டுலோயா மாஸ்டர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு நெஞ்செரிச்சல் தொடங்கிய இடம் அது. மாஸ்டரின் கம்பியூட்டர் ஆமை மாதிரி ஊர்ந்தது. என்னிடம் கொண்டுவந்தார். அழிரப்பர் வைத்தியம் செய்தேன், தேறவில்லை. "இது செத்த மாடு மாஸ்டர், புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சிவப்புக் கோட்டுச் சப்பாத்து மாடி ஏறியது. அவள் மெஷினைத் திறந்து, உள்ளே இருந்த மதர்போர்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பனியின் இணையப் பக்கத்திலிருந்து அது ஏற்றுக்கொள்ளும் ரேம்களின் பட்டியலைப் பிரின்ட் எடுத்திருக்கிறாள். பென்சிலால் ஒரு வரியில் சரி போட்டுவிட்டு, "சேர், இது இன்னும் ஒரு மடங்கு தாங்கும். ஒரு குச்சி மட்டும் போடுவோம்" என்றிருக்கிறாள். மாடு எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது. முழு மெஷின் விற்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குச்சியை விற்றாளே, இவள் எப்படிப் பிழைப்பாள் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் மாஸ்டரின் பாடசாலையிலிருந்து ஏழு ஜோடிக் கால்கள் மாடி ஏறின.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரேம் என்பது கம்பியூட்டர் வேலை செய்கையில் சாமான்களைப் பரப்பி வைக்கிற மேசை. மதர்போர்ட்தான் அந்த மேசை எந்த வகை, எவ்வளவு நீளம், எத்தனை கால் என்று தீர்மானிக்கிறது. பின்னால் நாம் ஆசைப்பட்டாலும் மதர்போர்ட் விடாது. இந்தச் சின்ன உண்மையை இப்படித் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு கேவலப்பட வேண்டியிருந்தது என்பதுதான் மிச்சக் கதை.

எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான். தேத்தண்ணி கேட்டால், ஃப்ளாஸ்க்கில் எத்தனை கோப்பை இருக்கிறது என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை பேருக்கு என்று சொல்வாள். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரிடம், "இந்தப் பெட்டி எத்தனை குழாய் தாங்கும்ண்ணே?" என்று கேட்டாள். அவர், "சாமி பாத்துக்கும் தங்கச்சி" என்று ஆறாவது குழாயையும் மாட்டினார். சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பெட்டி புகைந்தது. கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்கு அந்தப் புகையைவிட அவள் வாய் திறந்து "சொன்னேன்ல" என்று சொல்லாததுதான் கண்ணைக் கரித்தது. ஒரு தடவை சொல்லிக்காட்டினால்கூட அவள் மேல் கொஞ்சம் வெறுப்பு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வழி விடவில்லை.

"எங்கேர்ந்து வந்துச்சு இந்தப் பழக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் போட்டோக்கொப்பி எடுக்க வந்திருந்தாள்.

"எங்கம்மாகிட்ட இருந்துண்ணே. தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போனா எல்லாரும் சாக்கைத் தூக்குவாங்க. எங்கம்மா மொதல்ல தராசைப் பாப்பாங்க. நிறுவை எழுதுற கண்டாக்கையா மொறைப்பாரு. அவங்க பாட்டுக்குப் பாப்பாங்க." சொல்லிவிட்டு என் போட்டோக்கொப்பி மெஷினைத் திருப்பி அதன் முதுகைப் படிக்கத் தொடங்கினாள். எனக்கு என் பெண்டாட்டியை வேறு ஆள் உற்றுப் பார்த்தது போல இருந்தது.

இப்போது செல்வராஜுக்கு வருவோம். ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாண வீடியோ, பூப்புனித நீராட்டு, தேர்த் திருவிழா எல்லாம் அவன்தான். என் பழைய சிநேகிதன். கடை திறந்த வருடம் என்னிடம் முதல் கம்பியூட்டர் வாங்கியவன். நான் பிராணன் போனாலும் விடமாட்டேன் என்று வைத்திருந்த ஒரே வாடிக்கையாளன். அவள் கடை போட்டு ஆறு மாதத்தில் அவனுடைய வெள்ளைச் சப்பாத்து அந்தப் படிகளில் ஏறியதைப் பார்த்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. விசாரித்ததில், நான் கட்டிக்கொடுத்த மெஷினுக்கு அவளிடம் இரண்டு ரேம் குச்சி வாங்கியிருக்கிறான். அவள் செருகிக் கொடுத்துவிட்டு, "இதோட இந்த போர்ட் நெறைஞ்சிருச்சுண்ணே. இனிமே தாங்காது" என்றும் சொல்லியிருக்கிறாள்.

அவள் சொன்ன மாதிரியே தாங்கவில்லை. வீடியோவெல்லாம் பெரிது பெரிதாகிவிட்டது. கந்தப்பளையில் ஒரு கல்யாணம் எடுத்தான். அதை வெட்டி ஒட்ட முடியாமல் மெஷின் திணறியது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வெளிநாடு கிளம்புகிறார், அதற்கு முன் கையில் கொடுக்க வேண்டும்.

"ண்ணே, புதுசு ஒண்ணு கட்டிக் குடுங்க. மொதல் மெஷின் ஒங்க கையாலதானே," என்றான்.

என் காதில் தேன் பாய்ந்தது. அவளிடம் போகாமல் என்னிடம் வந்திருக்கிறான்! இந்த ஒரு மெஷினை உருப்படியாகக் கட்டிவிட்டால் செல்வராஜ் என்னோடு. சொதப்பினால் அந்தச் சப்பாத்து இனி அந்தப் படிக்கட்டுக்குத்தான் சொந்தம். அதோடு கடைவீதி முழுவதும்.

கொழும்புக் கடைக்குப் போன் பண்ணி ஒரு நல்ல மதர்போர்ட் சொன்னேன். நான் பார்த்தது இரண்டு விஷயம்: புது ரகப் புரொசசர் போடலாமா, விளக்கு எரியுமா. நுவரெலியா பஸ்ஸில் கொண்டக்டர் கையில் பார்சல் வந்தது. அவர் "மஹத்தயா, மேக பரிஸ்ஸமென்" என்று, ஐயா இது பத்திரம் என்று சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். நான்தான் பத்திரமாக இல்லை. அவள் எங்கேயாவது பார்த்துவிடுவாளோ என்று பெட்டியை ஜேர்சிக்குள் மறைத்துக்கொண்டு ஓடி வந்தேன். பெட்டியின் முகத்தை ரசித்தேன். முதுகைத் திருப்பவில்லை. முதுகைப் பார்த்தால் அவளைக் காப்பியடித்த மாதிரி ஆகிவிடுமாம். இப்படியும் ஒரு ரோஷம்!

பிறகுதான் ரேமுக்குச் சொன்னேன். அவள் செல்வராஜுக்குக் கொடுத்தது நாலாம் தலைமுறை ரேம். அப்படியென்றால் நான் கொடுக்க வேண்டியது ஐந்தாம் தலைமுறை. கணக்கு சரிதானே? அடுத்த நாள் பஸ்ஸில் அதுவும் வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செருகினேன். போகவில்லை.

திருப்பிப் போட்டேன், போகவில்லை. அழிரப்பரால் தேய்த்து, ஊதி, செருகினேன். போகவில்லை. ஈரமாக இருக்கும் என்று நினைத்து மறுபடி தேய்த்தேன். அக்குளில் வேர்த்தது, தலவாக்கலைக் குளிரில் எனக்கு வேர்த்ததை வைத்தே நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "என்னங்க, அதுக்குப் பல்லு வெளக்கி விடுறீங்களா?"

"பேசாம போடி."

"பல்லு வெளக்கினாலும் அது அந்த வாயிக்குப் பொறந்த பல்லு இல்லைங்க. பாருங்க, பள்ளம் ஒரு எடத்துல இருக்கு, மேடு ஒரு எடத்துல இருக்கு."

பார்த்தேன். ரேம் குச்சியின் நடுவில் இருந்த வெட்டும், போர்டில் இருந்த தடுப்பும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. இப்போதுதான் பெட்டியின் முதுகைத் திருப்பினேன். மூலையில், எறும்பு எழுத்தில், நாலாம் தலைமுறை ரேம் மட்டும் என்று போட்டிருந்தது. மூன்றிலிருந்து நாலுக்கு மாறிய காலத்தில் கொழும்புக்காரர்களே எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தி அனுப்பிவிடுவார்கள். என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுடைய திறமை.

ஞாயிறு கழுத்தில் கத்தி வைத்திருந்தது. ஊரில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருத்திதான். போர்டைப் பெட்டியோடும், கூடவே ரேமையும் லீக்ஸும் கரட்டும் வாங்கிய பையின் அடியில் போட்டு, மேலே லீக்ஸைப் பரப்பி, சந்தைக்குப் போகிறவன் போல ஒரு சுற்றுச் சுற்றி, மாடி ஏறினேன். யார் என் கால்களைப் பார்க்கிறார்களோ என்ற பயத்தில் கடைசி நான்கு படிகளை இரண்டாகத் தாண்டினேன்.

"வாங்கண்ணே. கறி வாங்கப் போனீங்களா?"

"ஒரு நண்பனுக்கு ஒரு பிரச்சினை," என்று தொடங்கினேன். லீக்ஸுக்கு அடியிலிருந்து நண்பனை வெளியே எடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திருப்பினாள், விரலால் தடவினாள். ரேம் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் பற்களில் வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மெதுவாக ஊதினாள். அழிரப்பர்த் தூள் மேசையில் விழுந்தது. அதைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை.

"நண்பர் போர்டை மாத்த வேணாம்ண்ணே. ரேமைத்தான் திருப்பி அனுப்பணும். செல்வராஜ் அண்ணனோட பழைய மெஷின்ல நான் போட்ட ரெண்டு குச்சியும் நாலாம் தலைமுறைதான். இருங்க, இந்த போர்ட் பட்டியல்ல அந்த நம்பர் இருக்கான்னு பாப்போம்." அச்செடுத்தாள். பென்சிலால் வரிவரியாக இறங்கினாள். ஒரு இடத்தில் நின்று சரி போட்டாள். "இருக்கு. இதுல நாலு எடம் இருக்கு. இப்ப ரெண்டு போட்டா ரெண்டு காலி. பின்னாடி வேணும்னா நெரப்பிக்கலாம். நல்ல போர்டுதான்ண்ணே எடுத்திருக்கீங்க. உங்க நண்பர்."

நண்பர் என்று சொல்லிவிட்டு லீக்ஸைப் பார்த்தாள்.

அப்போதுதான் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வெள்ளைச் சப்பாத்து. அறைக்கு இன்னொரு வாசல் இல்லை. ஜன்னலைப் பார்த்தேன், கீழே தையற்கடைக் கூரைத் தகரம். என் எடையை அது தாங்குமா என்று நான்கூட ஒரு கணம் யோசித்தேன். பெட்டியைப் பைக்குள் தள்ளி லீக்ஸை மேலே போட்டேன்.

செல்வராஜ் உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "என்னண்ணே, இங்க?"

என் வாய், எப்போதும் தானாகவே பேசுகிற வாய், அன்று "லீக்ஸ்" என்று மட்டும் சொன்னது.

"அண்ணே ஒங்க மெஷினைப் பத்தித்தான் பேச வந்தாரு," என்றாள் அவள். "ஒங்க பழைய ரேம் நல்லாத்தான் இருக்கு, அது வீணாகக் கூடாதுன்னு அதுக்கு ஏத்த போர்டாத் தேடி எடுத்திருக்காரு. நான் போட்ட குச்சி நம்பர் என்னான்னு கேட்டாரு. எனக்குக்கூட இந்த ரோசனை வரலை."

செல்வராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "ண்ணே! புது ரேம் தலையில கட்டாம... ஒங்க மனசு யாருக்குண்ணே வரும்?"

சாயந்தரமே மெஷினைக் கட்டினேன். ஓடியது. மாப்பிள்ளை கல்யாணத்தோடு விமானம் ஏறினார். செல்வராஜ் ஊரெல்லாம் சொன்னான். ஜனங்கள் பழைய ரேமைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு ஏத்த போர்ட் பாத்துக் குடுங்கண்ணே" என்று என்னைத் தேடி வந்தார்கள். வேறு வழியில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியல் படிக்கப் பழகினேன். நல்ல பெயர் வந்தால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? எனக்கு வயிறுதான் எரிந்தது. என்னைத் தோற்கடித்திருந்தால் பரவாயில்லை. ஜெயிக்கவும் அவளே வைத்தாள். என் புகழில்கூட அவள் செருகிய குச்சி இருந்தது.

அடுத்த வருடம் அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. போகிற அன்று பஸ் நிலையத்தில் பார்த்தேன். முதலில் வந்த பஸ்ஸில் படியில் தொங்கினார்கள். எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். நானும் நின்றேன். போட்டிக்காரி போகிறாள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"தங்கச்சி, அன்னைக்கு செல்வராஜ்கிட்ட என்னைய ஏன் காட்டிக் குடுக்கல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் முதுகைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"ஒங்களுக்குத் தாங்காதுண்ணே," என்றாள். பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது. ஏறிவிட்டாள்.

அதன் பிறகும் பல நாள் அந்தக் கடைசி நான்கு படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் ஏறவில்லை என்பது எனக்கு எதிர்பார்த்த இனிப்பைக் கொடுக்கவில்லை.

போன மாதம் செல்வராஜ் வந்தான். மெஷின் மறுபடி திணறுகிறதாம். "காலியா ரெண்டு எடம் இருக்குன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே, நெரப்பிருவோம்ண்ணே." எந்த நம்பர்? எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பரணில் ஏறி மதர்போர்டின் பெட்டியை எடுத்தேன். உள்ளே கூடவே வந்த கையேடு. என் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கையேட்டைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த தாள். அவள் அன்று அச்செடுத்த பட்டியல்; நான் ஜன்னலைப் பார்த்த நேரத்தில் கையேட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். பென்சில் சரி. அதற்குக் கீழே, பென்சிலிலேயே, பொடி எழுத்தில்:

'அண்ணே, மிச்ச ரெண்டு எடத்துக்கும் இதே நம்பர். கெடைக்காட்டி கீழ கோடு போட்டது. வேற எதுவும் போட வேணாம். அழிரப்பர் தேவைப்படாது.'

நான் எப்போது இந்தக் கையேட்டைத் திறப்பேன் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே நம்பர் கிடைத்தது. பஸ்ஸில் வந்தது. செல்வராஜின் முன்னால் செருகினேன். டக் என்று உட்கார்ந்தது. ஒரு 'பீப்' இல்லை. திரையில் நான்கும் தெரிந்தன.

"ஒங்க கைராசிண்ணே!"

என்னவோ, அன்றைக்கு எனக்குத் தாங்கும் போலத் தோன்றியது. "என் கை இல்லை செல்வா. அந்தப் பிள்ளை எழுதி வச்சுட்டுப் போனது. மொதல் தடவையும் அதுதான். நான் தப்பான ரேமை வாங்கிட்டு..."

"தெரியும்ண்ணே."

"என்னா தெரியும்?"

"அன்னைக்கு லீக்ஸ் பையில பெட்டியோட ஒரு மூலை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நம்பர் கேக்க வந்தவரு எதுக்குப் பெட்டியை ஒளிக்கணும்னு கேக்கத்தான் வாயைத் தொறந்தேன். அந்தப் புள்ள கண்ணைக் காட்டுச்சு, விட்டுட்டேன்."

இத்தனை வருடம்! என் சிநேகிதன், என் முதல் வாடிக்கையாளன், அவனும் அவளும் சேர்ந்து என்னை ஒரு உடையும் சாமான் மாதிரிப் பஞ்சுக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் பொறாமைப்படுவது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

செல்வராஜ் போன பிறகு அந்தத் தாளை மேசையில் விரித்தேன். பென்சில் எழுத்து. என் கையில் அழிரப்பர். 'அழிரப்பர் தேவைப்படாது' என்ற வரியின் மேல் அதை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

அதற்கு மேல் கை போகவில்லை. தாள் இப்போது கவுண்டர்க் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அந்த வரியின் முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும், பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.